நோஸ்கி வீட்டு இடைவெளி

மெரடித் நோஸ்கி 1972ஆம் ஆண்டு ஜூலை மாதம், அடிலெய்டிலிருந்து தொலைவில் கோதுமை வயல்களுக்கு நடுவே இருக்கும் வாரபின் என்ற சிற்றூரில் பிறந்தாள். தந்தை ஆல்வின் நோஸ்கி, கோதுமை விவசாயி. தாய் எல்வா, 1998இல் காலமானார். பால்பற்கள் விழுந்து மற்ற பற்களெல்லாம் முளைத்த பிறகும், மெரடித்துக்கு மேல்வரிசையில் முன்பற்கள் இரண்டுக்கும் அடுத்து இருபுறமும் வர வேண்டிய பற்கள் வரவில்லை. ஆல்வினுக்கும் வரவில்லை. அவருடைய தந்தைக்கும் வரவில்லை. 1909ஆம் ஆண்டுத் திருமணப் படத்தில் உதடுகளை இறுக மூடி நிற்கும் கொள்ளுத்தாத்தா யோஹானஸ் நோஸ்கிக்கும் அவை இருந்திருக்காது என்று நம்ப இடமுண்டு; ஆனால் அக்காலப் படங்களில் எவருமே சிரிப்பதில்லை என்பதால் உறுதியாகச் சொல்ல இயலாது.

2008 மே மாதம் மெரடித்தின் பற்களுக்குக் கிளிப் போடப்பட்டது. 2010 ஆகஸ்டில் கழற்றப்பட்டு, ரிட்டெய்னர் கொடுக்கப்பட்டது. இல்லாத இரண்டு பற்களுக்கும் தாடையில் உலோக வேர் பதிப்பதற்கு 2011 மார்ச் 17ஆம் தேதி அடிலெய்டில் நாள் குறிக்கப்பட்டது. மார்ச் 3, வியாழக்கிழமை நண்பகல், மெரடித் அந்த ரிட்டெய்னரைத் பின்பக்கம் திறந்த தன் யூட் வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டு பேக்கரிக்குள் போனாள்.

கிளிப் நகர்த்தி வைத்த பற்கள் பழைய இடத்துக்கே திரும்பிவிடாமல் பிடித்துவைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் உறைதான் ரிட்டெய்னர். மெரடித்தினுடையதில், இரண்டு இடைவெளிகளுக்கும் நேராக இரண்டு பொய்ப்பற்கள் உட்கார்ந்திருந்தன. பார்ப்பவர் கண்ணுக்கு வரிசை நிறைவாகத் தெரியும். ஆனால் அதன் முதல் வேலை அழகு அன்று, காவல். ஒவ்வோர் இடைவெளியும் ஏழு மில்லிமீட்டர் இருந்தது. ஆறுக்குக் கீழே சுருங்கினால் தாடையில் கை வைக்கமாட்டேன் என்று அடிலெய்டு மருத்துவர் சொல்லியிருந்தார். சுருங்கினால் மறுபடி கிளிப், மறுபடி இரண்டு ஆண்டுகளுக்கு மேல், மறுபடி மாதந்தோறும் போர்ட் லிங்கனுக்குப் போய்வரும் சாலை. இன்னொரு முறை அதற்குத் தன்னிடம் தெம்பில்லை என்பது மெரடித்துக்குத் தெரியும்.

அவள் பள்ளியில் படித்தபோது அவளுக்குக் கேட் என்று பெயர். அவள் வாயைத் திறந்தால் போதும், "கேட்டைச் சாத்துங்கடா, ஆடெல்லாம் ஓடிடும்" என்று பேருந்தின் பின்வரிசையிலிருந்து குரல் வரும். கையால் வாயை மறைத்துச் சிரிக்கும் பழக்கம் அப்போது வந்தது. நெட்பால் ஆட்டத்தில் அவள் கோல் காப்பவள். இரண்டு கைகளையும் தூக்கியபடி நிற்க வேண்டிய இடம். வாயை மறைக்கக் கை கிடைக்காத அந்த ஒரு மணி நேரத்துக்கு, உதடுகளை உள்ளே மடித்துக் கடித்துக்கொள்ளப் பழகினாள். அறுவடைக் காலத்தில் தானியக் கிடங்கில் லாரிகளை எடை போடுவாள்; மற்ற மாதங்களில் அஞ்சலக முகப்பில் உட்கார்ந்திருப்பாள். இரண்டு இடத்திலும் அவளைச் சிடுமூஞ்சி என்றே வெளியூர்க்காரர்கள் நினைத்தார்கள்.

கிளிப் போட்டுக்கொள்ளப் போவதாக அவள் சொன்ன அன்று ஆல்வின் தட்டிலிருந்து நிமிரவில்லை.

"எங்கப்பா இதே வாயோட எண்பத்தாறு வயசு வரைக்கும் ஆட்டுக்கறி தின்னாரு."

"திங்கறதுக்கு இல்லப்பா."

"பின்ன எதுக்கு?"

அவள் தன் தட்டைக் கழுவுதொட்டிக்கு எடுத்துப் போனாள். நம் வாய்க்கு என்ன குறை என்று கேட்காமல் கேட்கிறார் என்பது புரிந்தது. அதன்பின் அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை. அவள் லிங்கனுக்குப் போய்வந்த நாள்களில் அவர் சாலையில் கங்காரு அதிகமா என்று கேட்பார். பல்லைப் பற்றிக் கேட்கமாட்டார்.

கிளிப் கழற்றிய பல் மருத்துவர் அந்த ஆண்டோடு ஓய்வு பெறுவதாக இருந்தார். பல ஆண்டுகளாக அடுக்கி வைத்திருந்த பிளாஸ்டர் பல் அச்சுகளை எறிய மனமின்றி அவரவரிடமே கொடுத்து அனுப்பினார். மெரடித்துக்குக் கிடைத்தது, கிளிப் கழற்றிய மறுநாள் எடுத்த மேல்தாடை அச்சு. இரண்டு இடைவெளிகளும் அளந்து வெட்டியதுபோல் அதில் பதிவாகியிருந்தன. அடுத்த சனிக்கிழமை, ஆட்டம் முடிந்து எல்லோரும் ஊர் விளையாட்டுக் கிளப்பின் கூடத்தில் பீரும் சாசேஜுமாக நின்றபோது, அவள் அதைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள்.

"வாரா வாரம் யாரு ஜாஸ்தி வாய் பேசறாங்களோ, அவங்களுக்கு இதைக் குடுங்க."

கூடம் அதிர்ந்தது. தன் பல்லைப் பற்றி அவளே செய்த முதல் கேலி அது. அவளும் சிரித்தாள். கை பாதி தூரம் வாய்க்குப் போய், பிறகு இறங்கியது.

பெருவாய் என்று அதற்குப் பெயரிட்டார்கள். மைதானத்துக்குக் கோடு போடுவதும் கோல் கம்பங்களுக்கு வண்ணம் அடிப்பதும் ஆல்வினின் வேலை என்பதால், அச்சு அவருடைய கொட்டகைக்குப் போய், பொன்னிற வண்ணம் பூசிக்கொண்டு, கறுப்புக் கட்டையின் மேல் திரும்பி வந்தது. வென்றவர் அடுத்த ஆட்டம் வரை அதை ஊரார் கண்ணில் படும் இடத்தில் வைத்திருக்க வேண்டும். மறைத்தால் கூடம் முழுவதற்கும் அவர் செலவில் பீர். மெரடித்துக்கு அது ஒருமுறையும் கிடைக்கவில்லை. வாயை மூடியே பழகியவளுக்கு யார் கொடுப்பார்கள்? கூடத்தின் மறுகோடியில் அது பளபளப்பதைப் பார்த்ததோடு சரி. கையில் வாங்கிப் பார்க்கவுமில்லை. செப்டம்பரில் கடைசி ஆட்டத்தன்று, நடுவர் பொறுக்க முடியாமல் தன் காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிக்கொள்ளும் வரை வாதாடிய க்ளென் ட்ரெலோர் அதை வென்றான். ஏப்ரலில் ஆட்டங்கள் தொடங்கும் வரை அது அவனிடம் இருக்க வேண்டும்.

வாரபினில் யூட்டின் முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள பலகை வீட்டின் இன்னோர் அலமாரி. குறடு, கறுப்புக் கண்ணாடி, ஆட்டுக் காதில் மாட்டும் பட்டைகள், பிரிக்காத கடிதம், பாதி தின்ற ஆப்பிள், எல்லாம் அங்கேதான் கிடக்கும். சாப்பிடும்போது ரிட்டெய்னரைக் கழற்ற வேண்டும். அதற்கென்று தந்த நீல டப்பாவை அன்று காலை கழுவி வீட்டிலேயே விட்டு வந்திருந்தாள். கழற்றினாள், பலகையில் வைத்தாள், இறைச்சி அடைத்துச் சுட்ட பலகாரம் வாங்கப் போனாள். வரிசையில் பேச்சு நீண்டது. திரும்பி வந்தபோது வண்டிக்குள் அடுப்பின் அனல். ரிட்டெய்னர் ஓரங்கள் சுருண்டு, காய்ந்த ஆரஞ்சுத் தோல்போல் கிடந்தது.

அப்போதே லிங்கனுக்கு ஒரு தொலைபேசி போட்டிருந்தால் இந்தக் கதை அத்துடன் முடிந்திருக்கும். அவள் போடவில்லை. அப்பாவின் தட்டில் விழுந்த அந்தப் பழைய கேள்விக்கு இன்னும் பதில் இல்லாதபோது, பலகையில் வைத்து உருக்கிவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? வீட்டுக்கு வந்து, கோப்பையில் வெந்நீர் ஊற்றி, அதில் உறையை முக்கி, கட்டைவிரலால் நிமிர்த்தினாள். நிமிர்ந்ததுபோல் இருந்தது. வாயில் வைத்ததும் வலப்பக்கம் ஏறியது. இடப்பக்கம் ஏறாமல் மேலே தூக்கி நின்றது.

"என்ன மெஸ், வெந்நீரை வெச்சுக்கிட்டு நிக்கற?" ஊரைப்போல் ஆல்வினும் மகளை மெஸ் என்றுதான் கூப்பிடுவார்; தொப்பியைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தார்.

"தொண்டை கரகரன்னு இருக்கு."

"உப்புப் போட்டுக் கொப்புளி."

உப்புப் போட்டாள். அவர் பார்த்துக்கொண்டு நின்றதால் கொப்புளிக்கவும் செய்தாள்.

வியாழன் முதல் ஞாயிறு வரை நான்கு இரவும் அந்தக் கோணல் உறையைப் பல்லைக் கடித்துக்கொண்டு மாட்டித் தூங்கினாள். திங்கள்கிழமை காலை கண்ணாடி முன் நின்றபோது இடது கோரைப்பல் முன்பக்கமாகச் சாய்ந்திருப்பதுபோல் தோன்றியது. செவ்வாய்க்கிழமை தோற்றம் இல்லை, உண்மை. உறை இடப்பக்கம் அறவே ஏற மறுத்தது. அறுவைக்கு ஒன்பது நாள் இருந்தது. அஞ்சலகத்தில் விடுப்புச் சொல்லிவிட்டு, இரண்டு மணி நேரம் ஓட்டி, போர்ட் லிங்கனில் பல்செட்டும் ரிட்டெய்னரும் செய்யும் வெஸ்னா மத்துலிச்சின் கடைக்குப் போனாள்.

வெஸ்னா சூரை மீன் பிடிக்கும் குடும்பத்துப் பெண். சகோதரர்கள் எல்லாம் கடலில். இவர் மட்டும் வாய்களில். வளைந்த உறையைத் திருப்பிப் பார்த்தார்.

"வெந்நீரா?"

"முதல்ல வெயில். அப்புறம் வெந்நீர்."

"ரெண்டும் செஞ்சீங்களா. நல்லது. வாயைத் திறங்க."

அளவுகோல் ஈறில் சில்லென்று பட்டது. வெஸ்னா வலப்பக்கம் அளந்து, இடப்பக்கம் அளந்து, மறுபடி இடப்பக்கம் அளந்தார். மெரடித் கூரையில் இருந்த மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலது ஆறரை இருக்கு. இடது ஆறு. ஆறுன்னா, ஆறு மேல ஒரு மயிரிழை."

"புதுசு செஞ்சிடலாம்தான?"

"இப்ப உங்க வாயில அச்சு எடுத்துச் செஞ்சா, நகர்ந்த இடத்துலயே பல்லைப் பூட்டின மாதிரி ஆயிடும். அடிலெய்டுக்காரர் அளந்து பாத்துட்டு வீட்டுக்குப் போங்கம்பாரு. கிளிப் கழட்டினப்ப எடுத்த அச்சு வேணும். அது மேல செஞ்சா இறுக்கிப் பிடிக்கும், பல்லைப் பழைய இடத்துக்குத் தள்ளும். கொஞ்சம்தான் நகர்ந்திருக்கு, தள்ள முடியும். அந்த அச்சு உங்ககிட்டதான் குடுத்திருப்பாங்களே?"

"குடுத்தாங்க."

"எங்க?"

மெரடித் சொன்னாள். வெஸ்னா அளவுகோலை மேசையில் வைத்தார்.

"எங்க அண்ணனுங்க முட்டாளுங்க," என்றார். "அவனுங்ககூட இப்படிச் செஞ்சதில்ல. சரி, போய்க் கொண்டு வாங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடையைச் சாத்தினா, நீண்ட லீவு முடிஞ்சு செவ்வாய்தான் திறப்பேன். அதுக்கப்புறம் செஞ்சு பிரயோஜனம் இல்ல, பல்லு தள்றதுக்கு நாள் வேணும். இன்னொண்ணு, அது தண்ணில நனையாம பாத்துக்கோங்க. பிளாஸ்டர் ஊறினா கரையும். உப்புத்தண்ணின்னா கேக்கவே வேணாம்."

வண்டியில் உட்கார்ந்தபடியே ட்ரெலோரின் எண்ணைப் போட்டாள். மூன்று முறை எடுக்கவில்லை. நான்காம் முறை காற்றின் இரைச்சலுக்கு நடுவே அவன் குரல் கேட்டது.

"க்ளென், பெருவாய் எங்க?"

"ஏன், மறைச்சு வெச்சிருக்கேன்னு பாக்கறியா? ஓசி பீர் கிடையாது மெஸ். விதிப்படி ஊரே பாக்கற மாதிரி வெச்சிருக்கேன்."

"எங்கன்னு சொல்லு."

"என் முன்னாலதான் இருக்கு. படகு மூக்குல கட்டியிருக்கேன். டிசம்பர்லேருந்து இதே வேலைதான் அதுக்கு. மீனெல்லாம் அதைப் பாத்து பயந்து தூண்டிலைக் கவ்வுது."

"நீ கடல்லயா இருக்க?"

"பின்ன, படகைக் கோதுமை வயல்லயா விடுவேன்?"

"கரைக்கு வா."

"இப்பதான் நங்கூரம் போட்டேன்."

"க்ளென், அது என் பல்லு. அவிழ்த்து, துணில சுத்தி, மடியில வெச்சுக்கிட்டுக் கரைக்கு வா. தண்ணி படாம."

அவள் குரலில் அவன் எதையோ கேட்டிருக்க வேண்டும். வாரபினின் பெருவாய் வேறொன்றும் சொல்லாமல் வைத்துவிட்டான்.

ட்ரெலோரின் கடற்கரைக் குடிலுக்குப் போகும் வழி வாரபினைத் தாண்டித்தான் போகிறது. வீட்டில் நிறுத்தித் தண்ணீர் குடித்தபோது, இனி மறைத்துப் பயனில்லை என்று அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள்: பலகை, வெயில், வெந்நீர், ஆறு மில்லிமீட்டர், பழைய அச்சு. ஆல்வின் கேட்டுக்கொண்டே நின்றார். அச்சு என்ற சொல் வந்ததும் கையிலிருந்த தேநீரைக் கழுவுதொட்டியில் கொட்டினார்.

"சாவியைக் குடு. நான் ஓட்டறேன்."

"நீங்க எதுக்குப்பா?"

"குடுன்னேன்."

வழியில் இரண்டு முறை அவர் தொண்டையைச் செருமினார். இரண்டு முறையும், "மண்ணு ரோடு மோசமா இருக்கு," என்றார். சாலை நன்றாகத்தான் இருந்தது.

ட்ரெலோர் குடிலின் வாசலில் முழங்கால் வரை நனைந்த கால்சட்டையோடு நின்றிருந்தான். கைகளில், குழந்தையைப்போல், துண்டில் சுற்றிய பொதி.

"ஒரு சொட்டுப் படல. என் மேல விழுந்த அலையை எல்லாம் முதுகுல வாங்கிக்கிட்டேன்."

மெரடித் துண்டைப் பிரித்தாள். பொன் வண்ணத்தின் மேல் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. கட்டையோடு ஒட்டியிருந்த பின்பக்கம் அரித்து, கடைசிக் கடைவாய்ப்பல்லின் மூலை உதிர்ந்திருந்தது. ஆனால் முன்பக்கத்தில் வண்ணம் தடிப்பாக, கீறலின்றி நின்றது. கடல் உள்ளே புகவில்லை. அவள் மூச்சு விட்டாள். உப்பைக் கட்டைவிரலால் துடைத்து வரிசையைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

பல் வரிசை நிறைவாக இருந்தது. இடைவெளியே இல்லை.

"இது என் வாய் இல்ல."

"உன்னுதுதான்," என்றான் ட்ரெலோர். "ஆறு மாசமா இதுகூடத்தான் குடும்பம் நடத்தறேன்."

"மாத்திட்டியா? உடைஞ்சு வேற எதையாவது வெச்சியா? உண்மையைச் சொல்லு க்ளென்."

"சத்தியமா இல்ல. கிளப்புல குடுத்தப்பவே இப்படித்தான் இருந்தது."

கிளப்பில் கொடுத்தபோதே இப்படித்தான் என்றால், வண்ணம் பூசப்போன கொட்டகையில்தான் அது மாறியிருக்க வேண்டும். அவள் திரும்பினாள். ஆல்வின் யூட்டின் கதவைப் பிடித்தபடி, கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்பா. இது யாரோட வாய்?"

"உன்னுதுதான்." அவர் திரும்பவில்லை. "நடுவுல புட்டி வெச்சு அடைச்சிருக்கேன். ஜன்னல் கண்ணாடியைச் சட்டத்துல ஒட்டறதுக்கு வைக்கிற களிமாவு. பல்லு மாதிரி செதுக்கி, மேல பெயின்ட் அடிச்சேன்."

"ஏன்?"

ஆல்வின் தொப்பியைக் கழற்றி யூட்டின் கூரைமேல் வைத்தார்.

"கிளப்புல குடிச்சிட்டு நிப்பானுங்க. அந்த ஓட்டையில விரலை விட்டுப் பாப்பானுங்க. சிரிப்பானுங்க." கதவின் விளிம்பை உள்ளங்கையால் தேய்த்தார். "உன் வாயில. எங்கப்பா வாயில. நான் அதைப் பாத்துக்கிட்டு நிக்கணுமா?"

ட்ரெலோர் துண்டை மடிக்கத் தொடங்கினான். மெரடித்துக்கு முதலில் கோபம்தான் வந்தது. கோபத்துக்குப் பின்னால் வேறொன்று வந்தது. அதற்குப் பெயர் தேட அப்போது நேரமில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பாடுபட்டுத் திறந்த இடைவெளியின் ஒரே சான்று அந்த அச்சு. இப்போது அந்த இடைவெளிக்குள் அவளுடைய அப்பாவின் கைவேலை இறுகிக் கிடந்தது.

மறுநாள் புதன்கிழமை காலை இருவரும் லிங்கனில் இருந்தார்கள். வெஸ்னா முகமூடியைக் கீழே இழுத்துவிட்டு ஆல்வினைப் பார்த்தார்.

"எத்தனை பூச்சு?"

"மூணு."

"எல்லாத்தையும் ஒழுங்காச் செய்வீங்களோ?"

"செய்யறதுன்னா ஒழுங்காச் செய்யணும்."

"இந்த ஒரு தடவை அரைகுறையாச் செஞ்சிருக்கலாம்."

வண்ணம் கரைக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டுத் தொட்டு வைத்து, மரக்குச்சியால் சுரண்டினார் வெஸ்னா. பொன்னிறம் சுருண்டு சுருண்டு வந்தது. அடியில் பிளாஸ்டர் வெளேரென்று தெரிந்தது. இடைவெளிகளில் மட்டும் புட்டி பழுப்பாக நின்றது. ஆல்வின் அதை அத்தனை கவனமாகச் செதுக்கியிருந்தார். ஓரங்களில் பல் போன்ற மெல்லிய வளைவுகூட இருந்தது. நோஸ்கி வாயில் முளைக்காத பல்லை அவர் எங்கே பார்த்துச் செதுக்கினார் என்று மெரடித் யோசித்தாள். அம்மாவின் வாயில் பார்த்திருக்கலாம்.

"இதுதான் சிக்கல்," என்றார் வெஸ்னா. "பக்கத்துப் பல்லோட சுவர்ல ஒரு கீறல் விழுந்தா, அந்தக் கீறலும் ரிட்டெய்னர்ல வரும். அந்தப் பல்லை அது சரியாத் தள்ளாது. யாரும் மேசையை ஆட்டாதீங்க."

யாரும் ஆட்டவில்லை. மெல்லிய கத்தியின் நுனி வலப்பக்கப் புட்டியின் நடுவில் இறங்கியது. வெஸ்னா சுவரைத் தொடாமல் நடுவிலேயே குடைந்தார். புட்டி மேலே கெட்டி. உள்ளே இன்னும் எண்ணெய்ப் பசை இருந்தது. சிறிது நேரத்தில் அது ஒரே துண்டாகக் கழன்று மேசையில் விழுந்தது. இடைவெளி சுத்தமாகத் திறந்தது.

இடப்பக்கம் அப்படி வரவில்லை. குடைந்தும், நெம்பியும், மறுபடி குடைந்தும் பார்த்தார். கடைசியில் ஒரு நெம்பலுக்கு அசைந்து வந்தது. வரும்போது நொறுங்கும் மெல்லிய சத்தம் கேட்டது. கோரைப்பல்லின் உட்புறத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு பள்ளம்.

ஆல்வின் எழுந்துவிட்டார். "போச்சா?"

"உக்காருங்க."

"நான்தான்..."

"உக்காருங்கன்னேன்."

வெஸ்னா கழன்ற புட்டியை விளக்கின் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன் ஓரத்தில், பழுப்பின் மேல் வெள்ளையாக, ஒரு செதில் ஒட்டியிருந்தது. இடுக்கியால் அதை உரித்தெடுத்து, பள்ளத்தில் வைத்துப் பார்த்து, ஒரு துளி பசையிட்டு ஒட்டினார். விரலை எடுத்துவிட்டு நெடுநேரம் அதையே பார்த்தார்.

"உக்காந்திருக்கு. ஆனா பசைக்கும் ஒரு தடிப்பு உண்டு. இடது பக்கத்துக்கு நான் வாக்குக் குடுக்க மாட்டேன். அச்சு மேல பிளாஸ்டிக்கைச் சூடாக்கி உறிஞ்சி இழுக்கணும். அந்த அழுத்தத்துல இது விண்டு போனாலும் போகும். செய்யவா, வேண்டாமா?"

"செய்யுங்க," என்றாள் மெரடித்.

பிளாஸ்டிக் தகடு கம்பிச் சுருளின் கீழே தொய்ந்து, கண்ணாடிபோல் ஒளிர்ந்து, அச்சின் மேல் இறங்கியது. இயந்திரம் காற்றை உறிஞ்சியது. ஆல்வின் தொப்பியை இரண்டு கைகளாலும் கசக்கிக்கொண்டிருந்தார். அச்சு விண்டது, ஆனால் அதற்குள் தகடு இறுகிவிட்டது. உடைந்த பிளாஸ்டரை உள்ளிருந்து எடுத்துவிட்டு, ஓரங்களை வெட்டி, பொய்ப்பற்களைப் பதித்து, அன்று மாலை வெஸ்னா அதை அவள் வாயில் அழுத்தினார். கடைசிப் பக்கம் ஏறியபோது மெரடித்துக்குக் கண்ணில் நீர் வந்தது.

"வலிக்குதா?"

அவள் தலையசைத்தாள்.

"நல்லது. வலிச்சாத்தான் தள்ளுது. சாப்பிட மட்டும்தான் கழட்டணும். கழட்டினா எங்க வைப்பீங்க?"

"டப்பாவுல."

"என் கையில குடுத்துடு," என்றார் ஆல்வின்.

அடுத்த எட்டு நாளும் அவள் சாப்பிடும்போதெல்லாம் அவர் நீல டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தார். அடிலெய்டுக்கும் அவர்தான் கூட வந்தார். மருத்துவரின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று, அளவுகோல் உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மருத்துவர் வலப்பக்கம் அளந்து தலையசைத்தார். இடப்பக்கம் அளந்தார். படம் எடுத்துப் பார்த்தார்.

"வலது பக்கம் ஏழு. இன்னைக்கே பதிச்சிடலாம். இடது ஆறேகால்தான் வந்திருக்கு. அளவு போதும். ஆனா ரெண்டு பக்கத்துப் பல்லோட வேரும் உள்ள ரொம்ப நெருங்கி நிக்குது. அதுக்கு நடுவுல இறங்க மாட்டேன்."

"திரும்ப முழுசா கிளிப்பா?"

"முழுசா வேணாம். அந்த ஒரு பல்லுக்கு மட்டும் சின்ன ஸ்பிரிங். லிங்கனுக்கு வர்ற புது டாக்டர் போடுவாரு. அடுத்த வருஷம் வாங்க."

மெரடித் அப்பாவைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"பாதி கேட் சாத்தியாச்சு," என்றாள். "பாதி ஆடு தப்பிச்சா போகட்டும்."

ஆல்வினுக்குச் சிரிப்பு வந்தது. வழக்கம்போல் கை வாய்க்குப் போனது. தன்னுடைய அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை மெரடித் அன்றுதான் கவனித்தாள்.

விண்டுபோன அச்சைக் குப்பையில் போடவிடாமல் ஆல்வின் வாங்கி வந்திருந்தார். துண்டுகளை ஒட்டி, மறுபடி மூன்று பூச்சுப் பொன் வண்ணம் அடித்து, ஏப்ரல் முதல் ஆட்டத்தன்று கூடத்து மேசையில் வைத்தார். இந்த முறை புட்டி வைக்கவில்லை. எதிர்பார்த்ததுபோலவே ட்ரெலோர்தான் முதலில் அதன் இடைவெளியில் விரலை விட்டான். "அட, வாசல் திறந்துடுச்சே," என்றான். ஆல்வின் அவனைச் சற்று நேரம் பார்த்தார். "உள்ள போயிட்டுச் சாத்திக்கோ, உன் சத்தம் தாங்கல," என்றார். கூடம் அதிர்ந்தது.

ஸ்பிரிங் பத்து மாதம் இருந்தது. இடப்பக்க வேர் 2012 பிப்ரவரியில் பதிக்கப்பட்டது. அதன் மேல் பல் ஜூனில் வைக்கப்பட்டது. அந்த செப்டம்பரில் கிளப் கூடத்தில் எடுத்த படம் ஒன்று உண்டு. கடைசி ஆட்டத்துப் பெருவாயை மெரடித் வென்றிருந்தாள். எதிரணிப் பயிற்சியாளரிடம் என்ன பேசினாள் என்பது எழுத்தில் வைக்கத்தக்கதல்ல. பொன் அச்சு அவள் கையில் இருக்கிறது. பக்கத்தில் ஆல்வின். இருவரும் வாய் திறந்து சிரிக்கிறார்கள். மகளின் வரிசை நிறைவாகவும், தந்தையினுடையது இரண்டு இடத்தில் திறந்தும் தெரிகின்றன. நோஸ்கி குடும்பத்துப் படங்களில் பல் தெரியும் முதல் படம் இது.

யோஹானஸின் திருமணப் படம் 1909. இடையில் நூற்று மூன்று ஆண்டுகள்.